ஜாக்கெட் ஏன் உரிகிறது?

"இது அசல் தோல்தானா?" என்று நண்பர் போகிறபோக்கில் கேட்டுவிட்டால் போதும், ஆசையாய் வாங்கிய ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியைக் கை தானாகத் தடவும். மலேசியாவின் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் இதற்கான விடையை ஈரக் காற்றே சொல்லிவிடும்.

மலிவான 'லெதர்' பெரும்பாலும் துணிமேல் பூசிய பாலியூரித்தேன். அதன் ஒரு வகையில், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை எஸ்டர் பிணைப்புகள் கோத்திருக்கும். நீராவி உள்ளே புகுந்து அவற்றை அறுக்கிறது, இதுதான் நீராற்பகுப்பு. அறுபட்ட இடத்தில் அமிலம் உண்டாகி, அடுத்த அறுப்பை வேகப்படுத்தும். இப்பகுதிகளிலோ ஆண்டு முழுதும் 80 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், பகலில் 30 டிகிரிக்கு மேல் வெப்பம். போடாமல் அலமாரியில் பூட்டிவைத்தாலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாகக் கொட்டும். 'பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்' என்று புலம்பிப் பயனில்லை.

அசல் தோல் இப்படி உரிவது அபூர்வம். அதற்கு வேறு தொல்லை: பூஞ்சணம். பதனிடும்போது சேர்த்த எண்ணெயும் நம் வியர்வையும் அதற்குத் தீனி. துடைத்து, நிழலில் காற்றாடவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

உரியும்வரை காத்திருக்க மனமில்லையா? உள்தையலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலென்றால் தாறுமாறான நார் தெரியும். போலியென்றால் துணியின் நெசவு.