லீவுல இன்டர்ன்ஷிப்: என்ன வேலைக்குப் போவதென்று தெரியாத பிள்ளையை எங்கே அனுப்புவது?



போடி, குரங்கணி பகுதிக் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்த பிறகு பேச்சு பிள்ளைகள் படிப்பு பக்கம் திரும்புகிறது. கொஞ்ச காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பாப்பா காலேஜ்ல ரெண்டாம் வருஷம். லீவுல இன்டர்ன்ஷிப் போகணும்னு சொல்லிட்டாங்களாம். எங்க போகப் போறேன்னு கேட்டா, என்ன வேலைக்குப் போகணும்னே எனக்குத் தெரியலம்மா, இதுல எதைத் தேர்ந்தெடுக்கன்னு கேக்கிறா. நமக்கும் ஒண்ணும் புரியல" என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறார். அம்மா விடியற்காலை ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போகிறார். ஆடிட்டர் ஆபீஸில் என்ன நடக்கும், லேப் டெக்னீசியன் நாள் முழுக்க என்ன செய்வார் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பார்க்காத வேலையைப் பிடிக்கும், பிடிக்காது என்று பிள்ளை எப்படிச் சொல்லும்? "தெரியல" என்று சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு திட்ட வேண்டாம்.

இன்டர்ன்ஷிப் என்றால் என்ன?

படிக்கிற காலத்திலேயே ஒரு வேலை நடக்கும் இடத்துக்குப் போய், சில வாரம் அங்கே இருந்து, செய்து பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் இன்டர்ன்ஷிப். இது நமக்குப் புதிது ஒன்றுமில்லை. பி.எட். படிப்பவர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தி இருக்கிறார்கள். வேளாண்மை, தோட்டக்கலை படிக்கும் மாணவர்களுக்குக் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுப்பது பாடத்திலேயே இருக்கிறது. இப்போது பல கலை, அறிவியல் கல்லூரிகளிலும் இரண்டாம் வருஷம் முடிந்த விடுமுறையில் இப்படிப் போகச் சொல்கிறார்கள். இதற்குச் சம்பளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அப்ரண்டிஸ் என்பது வேறு. அதற்கு 1961-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டு, பெரும்பாலும் ஒரு வருஷம் பயிற்சி எடுப்பார்கள். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்திய விதியில் டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தது 8,000 ரூபாய், டிகிரி முடித்தவருக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும்போது அன்றைய தொகை என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடித்தால் கட்டாயம் வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாக்டர்களிடம் கற்றுக்கொள்வோம்

தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் இளம் டாக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். எம்.பி.பி.எஸ். படிப்பு முடிந்ததும் அவர்கள் ஒரு வருஷம் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் ஒரே வார்டில் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் பிரசவ வார்டு, கொஞ்ச நாள் அறுவை சிகிச்சை, பிறகு குழந்தைகள் வார்டு, கிராம சுகாதாரம் என்று மாறி மாறிப் போவார்கள். எந்தப் பிரிவில் மேலே படிப்பது என்று பலர் அதற்குப் பிறகுதான் முடிவு செய்கிறார்கள். அத்தனை படித்தவர்களுக்கே சுற்றிப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால், நம் பிள்ளைக்கு இருபது வயதில் தெரியாமல் இருப்பதில் என்ன குறை?

நாமும் அப்படித்தானே செய்கிறோம். புது ரக ஏலச்செடி வந்தால் இருக்கிற காட்டை எல்லாம் பிடுங்கிவிட்டு நடுவோமா? முதலில் பத்துச் செடி வைத்து, நம்ம மண்ணுக்கும் நிழலுக்கும் ஒத்து வருகிறதா என்று பார்ப்போம். இன்டர்ன்ஷிப் அந்தப் பத்துச் செடி மாதிரி. ஒத்து வராவிட்டாலும் நஷ்டம் சிறியது. மூன்று வருஷம் படித்து, கடன் வாங்கி, வேலையில் சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று தெரிந்தால் நஷ்டம் பெரியது.

ஆகவே, என்ன வேலை என்று தெரியாத பிள்ளைக்கு நாங்கள் சொல்வது இதுதான்:

• ஒரே இடத்தில் பல வகை வேலையைப் பார்க்க முடிகிற இடமாகத் தேடுங்கள்.
• ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முதலிலேயே மாட்டிக்கொள்ளாமல் நான்கு வாரம், ஆறு வாரம் போகட்டும். கல்லூரி சம்மதித்தால் இரண்டு வாரம் ஒரு இடம், இரண்டு வாரம் இன்னொரு இடம் என்றும் போகலாம்.
• எந்த வேலைக்குப் போனாலும் பயன்படுகிற ஒன்றைக் கற்றுக்கொடுக்கிற இடமா என்று பாருங்கள். கணக்கு எழுதுவது, கம்ப்யூட்டரில் பதிவது, ஆபீஸ் கடிதம் எழுதுவது, புது ஆளிடம் தைரியமாகப் பேசுவது எல்லாம் வீண் போகாது.

நம்ம பக்கத்தில் என்ன இருக்கிறது?

"அதெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் போனாத்தான்" என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது கூலி. படித்த பிள்ளைக்கு அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

செடிக்கு என்ன நோய், எந்த மருந்து என்று பார்ப்பது ஒரு படிப்பு. அதற்கென்றே இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் (நம்ம கடமலைக்குண்டு பக்கத்து மயிலாடும்பாறை இல்லை) 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இது நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் கீழ் வருகிறது. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. தாவரவியல், தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகள் தங்கள் துறை ஆசிரியர் மூலமாக இங்கே விசாரிக்கலாம்.

பறித்த காயை ஸ்டோரில் பதமாக உலர்த்துவது, 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சலித்துத் தரம் பிரிப்பது இன்னொரு வேலை. வெளிநாட்டுக்குப் போகும் காயில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்க லேப் வேண்டும். அங்கே வேதியியல், நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு வேலை. போடியில் 2007-ல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்தது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். அங்கே பி.காம்., பி.சி.ஏ. படித்தவர்களுக்கு வேலை. ஏற்றுமதி செய்பவரிடம் ஜி.எஸ்.டி., பில், வங்கிப் பேப்பர் பார்க்க ஆள் வேண்டும். ஒரு வியாபாரியிடம் நாலு வாரம் இருக்கும் பிள்ளை இதில் மூன்று, நான்கு வேலையைக் கண்ணால் பார்த்துவிடும்.

மலையிலும் வேலை இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயை நம்மில் யாரும் மறக்க முடியாது. மலை ஏற வந்தவர்களில் 23 பேர் உயிர் போனது. காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போவது பயிற்சி வேண்டிய பொறுப்பான வேலை என்று அன்று ஊருக்கே புரிந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு தொடங்கியது. விலங்கியல், சுற்றுலா படிக்கும் பிள்ளை இதையும் ஒரு வழியாக நினைத்துப் பார்க்கலாம்.

நம் கூட்டமைப்பு ஆபீஸையும் மறக்காதீர்கள். கணக்கு, தணிக்கை, வங்கிக் கடன் விண்ணப்பம், கிராமக் கூட்டம் எல்லாம் இங்கேயே நடக்கிறது. சமூகப்பணியோ வணிகவியலோ படிக்கிற பிள்ளை வந்து இருந்து பார்க்கலாம்.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை? "எல்லாம் கத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. டீ வாங்கி வருவதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான் வேலை என்றால் அங்கே எதற்கு?

2. சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஒரு ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

3. முடிந்ததும் என்ன எழுதித் தருவார்கள்? எத்தனை நாள், என்ன வேலை என்று கடிதம் வேண்டும். கல்லூரி அதை ஏற்குமா என்று முன்பே கேளுங்கள்.

4. செலவு எவ்வளவு? மாதம் 5,000 ரூபாய் தருகிறார்கள் என்று வையுங்கள். வெளியூரில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 5,500, பஸ்ஸுக்கு 800 என்றால் மாதம் 1,300 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. போடியில் சம்பளமே இல்லாமல், வீட்டிலிருந்து போய் வந்தால் பஸ் செலவு மட்டும்தான். எது லாபம் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். அதற்காகச் செலவு அதிகம் என்றால் வேண்டாம் என்று இல்லை. நல்ல இடம் என்றால் குழுவில் சிறு கடன் எடுத்தும் அனுப்பலாம்.

5. பாதுகாப்பு எப்படி? எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

'பயிற்சி' என்ற பேச்சில் மயங்காதீர்கள்

நம் பக்கத்துப் பெண்கள் இந்தச் சொல்லால் பட்டது கொஞ்சமில்லை. 2000-களில் மேற்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல் பக்கத்திலும் பல நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை எடுத்தன. அப்ரண்டிஸ் என்று பெயர். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடந்தது முழு நேர வேலை, குறைந்த கூலி. உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. 2011-லும் 2014-லும் வந்த ஆய்வறிக்கைகள் இதை உலகத்துக்கே சொன்னன.

அதனால் இந்த நான்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்:

• பயிற்சி தருவதற்கு நம்மிடம் பணம் கேட்டால், "அப்புறம் பேசுறோம்" என்று எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வெறும் சான்றிதழ் தரும் வியாபாரமும் நடக்கிறது.
• அசல் மார்க் ஷீட், டி.சி. எதையும் கொடுக்க வேண்டாம். நகல் போதும்.
• "நடுவில் நின்றால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று எழுதிய பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம்.
• அப்ரண்டிஸ் என்று சொன்னால், ஒப்பந்தம் அரசிடம் பதிவானதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது.

எங்கே விசாரிப்பது?

முதலில் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி அதில் வருகிறது. மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. முழு நேரம் படிக்காத, வேலையில் இல்லாத 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, பெரிய நிறுவனங்களில் ஒரு வருஷம், மாதம் 5,000 ரூபாய் என்று அப்போது விதி வைத்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் விதி அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் நேரத்தில் கல்லூரியிலோ மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

போய் வரும்போது

பிள்ளையிடம் ஒரு நோட்டு கொடுங்கள். வாரம் ஒருமுறை மூன்று விஷயம் எழுதட்டும். எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலைக்கு மனசு வரவில்லை? அங்கே இருப்பவர்கள் இந்த வேலைக்கு என்ன படித்து வந்தார்கள்? அம்மா படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முடித்து வந்து, "இந்த வேலை எனக்கு வேண்டாம்மா" என்று பிள்ளை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு வழி இல்லை என்று தெரிந்துவிட்டது, அதுவும் லாபக் கணக்கில்தான் வரும். ஆனால் வேலை பிடிக்கவில்லையா, அந்த இடமோ ஆட்களோ பிடிக்கவில்லையா என்று மட்டும் பிரித்துக் கேளுங்கள். இடம் சரியில்லை என்றால் அதே வேலையை வேறு இடத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று. அண்ணனுக்குக் கோயம்புத்தூர், தங்கச்சிக்கு வீட்டுப் பக்கத்தில் ஏதாவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் மகளையும் அனுப்பலாம்.

குழுவில் பேசுங்கள்

இதை அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் அல்லது பிரதிநிதி வாசித்துக் காட்டலாம். பிறகு இவற்றைப் பேசி முடிவெடுங்கள்:

• நம் குழுவில் எத்தனை வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? என்ன படிக்கிறார்கள்?
• நமக்குத் தெரிந்த கடை, வங்கி, ஆஸ்பத்திரி, தோட்ட ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் எதில் ஒரு பிள்ளையை நான்கு வாரம் சேர்த்துக்கொள்வார்கள்?
• பஸ் செலவு, ஹாஸ்டல் செலவுக்கு இன்டர்ன்ஷிப் கடன் என்று சிறு தொகை ஒதுக்கலாமா?

இந்த மூன்றுக்கும் வந்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவின் பட்டியலையும் சேர்த்தால், எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.