சொந்த மைதானம் எப்போது சொந்தமாகிறது?

வரும் ஜனவரி 3 அன்று, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆண்கள் ஹாக்கி இந்தியா லீக்கின் புது சீசன் தொடங்குகிறது. தமிழ்நாடு டிராகன்ஸ் முதல் நாளே ஹைதராபாத் தூஃபான்ஸோடு ஆடுகிறது. டிராகன்ஸுக்கு இது இரண்டாவது சீசன். முதல் சீசன் (2024-25) ஒடிசாவின் ரூர்கேலாவை மையமாக வைத்து நடந்ததால், பெயரில் தமிழ்நாடு இருந்தும் சென்னையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மைதானம் பழசுதான், ஆனால் இந்த அணிக்கு அது புது வீடு.

"சொந்த ஊர்ல ஆடுறாங்க, ஜெயிச்சிடுவாங்க" என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், "ஏன்ப்பா, சொந்த ஊர்னா எப்படி ஜெயிப்பாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அவள் கேட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொந்த மைதானம் என்ன தருகிறது?

விளையாட்டு ஆய்வாளர்கள் இதை நாலு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, கூட்டம். இரண்டு, இடப் பழக்கம். மூன்று, பயணக் களைப்பு இல்லாதது. நான்கு, உள்ளூர் அணிக்குச் சாதகமான விதிகள் (பேஸ்பாலில் உள்ளூர் அணி கடைசியாக பேட் பிடிப்பது மாதிரி). ஹாக்கியில் அப்படி விதி எதுவும் இல்லை, அதனால் நாலாவதை விட்டுவிடலாம்.

கூட்டத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க 2020-ல் ஒரு வாய்ப்பு கிடைத்தது. கொரோனா காலத்தில் ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்து ஆட்டங்கள் காலி அரங்கில் நடந்தன. உள்ளூர் அணிகளின் வெற்றி குறைந்தது. வெளியூர் அணிகளுக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டத்தின் சத்தம் வீரரின் காலுக்குப் போவதோடு நடுவரின் விசிலுக்கும் போகிறது என்று அர்த்தம். ஹாக்கியில் வீடியோ ரெஃபரல் இருப்பதால் அந்த வழி ஓரளவு அடைபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

மிச்சம் இருப்பது இடப் பழக்கம். அதை மட்டும் தனியாக எப்படி அளப்பது? அதே ஊர், அதே ரசிகர்கள், அதே அணி, மைதானம் மட்டும் புதுசு என்று இருந்தால் அளக்கலாம். மென்பொருளில் நாங்கள் செய்வதும் இதுதான், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

பொல்லார்டின் கணக்கு

ரிச்சர்ட் பொல்லார்ட் என்ற ஆய்வாளர் 2002-ல் இதைச் செய்தார். 1987-க்கும் 2001-க்கும் இடையில் புது அரங்கத்துக்கு மாறிய 37 வட அமெரிக்க அணிகளை எடுத்துக்கொண்டார். பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி அணிகள். பழைய அரங்கத்தின் கடைசி சீசனையும் புது அரங்கத்தின் முதல் சீசனையும் ஒப்பிட்டார். சொந்த மைதானச் சாதகத்தில் சுமார் 24 சதவீதம் காணாமல் போயிருந்தது.

இதைத் தப்பாகப் படிக்கக் கூடாது. வெற்றிகள் 24 சதவீதம் குறைந்துவிட்டன என்று அர்த்தமில்லை. ஒரு உதாரணம் (என் எண்கள், அவருடையது அல்ல): சரிசமமான அணிகள் மோதும்போது உள்ளூர் அணி 100-க்கு 60 ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு மேலே இருக்கும் அந்த 10-தான் சாதகம். அதில் கால் பங்கு போனால் 60 என்பது 57 அல்லது 58 ஆகும். ஒரு ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாது, நிறைய ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2003-ல் லாஃப்ஹெட், கேரன் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை என்று வந்தது. பிரித்துப் பார்த்தபோது, பழைய அரங்கில் நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்த அணிகளுக்குப் புது அரங்கில் சாதகம் குறைந்தது, பழைய அரங்கில் திணறிய அணிகளுக்குக் கூடியது. எனக்கு இங்கே ஒரு சந்தேகம். ஒரு பரீட்சையில் வழக்கத்துக்கு மேலே மார்க் வாங்கிய பையன் அடுத்த பரீட்சையில் கொஞ்சம் இறங்குவான், ரொம்பக் குறைவாக வாங்கியவன் ஏறுவான். பள்ளிக்கூடம் மாறினாலும் மாறாவிட்டாலும் இது நடக்கும். சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். அரங்கம் மாறியதால் எவ்வளவு, இதனால் எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

ஆனாலும் பொல்லார்ட் சொல்வது பொதுப்புத்திக்கு ஒத்துவருகிறது. பழகிய இடத்தை விட்டால் கொஞ்சம் இழப்போம். ஹாக்கியில் அந்தப் பழக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது?

தரைக்குள்ளே

சர்வதேச ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். எந்த ஊர் போனாலும் இதே அளவுதான். தரை மட்டும் ஒவ்வொரு இடத்திலும் வேற மாதிரி. செயற்கைப் புல், அதன் அடியில் மெத்தை போல ஒரு அடுக்கு, மேலே தண்ணீர். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடிக்கிறார்களே, அது பந்து வழுக்கிக்கொண்டு சீராகப் போவதற்கும், விழுந்தால் முழங்கால் உராய்ந்து எரியாமல் இருப்பதற்கும். தண்ணீர் காயக் காயப் பந்தின் வேகம் மாறும். எவ்வளவு சீக்கிரம் காயும் என்பது அந்த ஊர்க் காற்றையும் வெப்பத்தையும் பொறுத்தது.

இது எங்கே கடிக்கும் என்றால், பெனால்டி கார்னரில். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார், 14.63 மீட்டர் வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துகிறார், இன்னொருவர் இழுத்து அடிக்கிறார். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம். பந்து எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தாலோ, லேசாகத் துள்ளினாலோ நிறுத்துபவர் தவறவிடுவார், கார்னர் வீண். கோல்கீப்பருக்கோ இதோடு விளக்குக் கம்பங்களின் கூச்சமும் சேரும். எந்தக் கோணத்தில் உயரப் பந்து விளக்குக்குள் மறையும் என்பது அங்கேயே பல மாலைகள் நின்றவருக்குத்தான் தெரியும்.

எழும்பூரில் 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காகப் புது டர்ஃப் போட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்ட அதே வகை, குறைந்த தண்ணீரில் ஆடும்படி வடிவமைத்தது. அந்தப் புதுத் தரையில் இந்தியாவின் முதல் ஆட்டம் சீனாவோடு, 7-2 வெற்றி. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் இடைவேளையில் 1-3 பின்தங்கி, கடைசியில் 4-3. அரங்கம் அதிர்ந்தது. ஆனால் தரை எல்லா அணிக்கும் ஒரே அளவு புதுசு. அன்றைக்கு ஏதாவது உதவியிருந்தால் அது கூட்டம்தான்.

யாருடைய சொந்த ஊர்?

ரூர்கேலா கதையைப் பாருங்கள். பிர்சா முண்டா அரங்கம் 2023 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டது, இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஜனவரி 13 அன்று அங்கே இந்தியாவின் முதல் ஆட்டம், ஸ்பெயினோடு. இந்தியாவின் முதல் கோல் போட்டவர் அமித் ரோஹிதாஸ். ரூர்கேலா இருக்கும் அதே சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். 2-0 வெற்றி. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். இரண்டு நாள் கழித்து அதே அரங்கில், அதே கூட்டத்தின் முன்னால், இங்கிலாந்தோடு 0-0. ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதற்கு இதுவே உதாரணம்.

அந்த அமித் ரோஹிதாஸ்தான் போன சீசனில் தமிழ்நாடு டிராகன்ஸுக்கு ஆடினார். அதாவது "வெளியூரில்" ஆடிய தமிழ்நாட்டு அணியில் அவர் ஒருவர் சொந்த மாவட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தார். லீக் அணிகளின் நிலைமை இதுதான். பஞ்சாப், ஒடிசா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல ஊர்க்காரர்கள் சில வாரங்கள் ஒரு சட்டை போடுகிறார்கள். சென்னைக் கூட்டம் அவர்களுக்குச் சொந்தம், ஆனால் சென்னைத் தரையில் எதிரணிக்காரருக்கு அவர்களைவிட அதிக நேரம் இருந்திருக்கலாம்.

ஆக, என் மகளுக்கு நான் சொல்லும் பதில்: கூட்டம் முதல் நாளே கிடைத்துவிடும், தரை கிடைக்காது. ஒரு மைதானம் சொந்தமாவது அங்கே எத்தனை மணி நேரம் ஆடினோம் என்பதில்.

பெரிய தரை மாற்றம்

இதையே ஒரு நாட்டின் அளவில் பார்த்தவர்கள் நாம். 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது, புல் தரையில். அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரை. இந்தியா ஏழாவது இடம். தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புல்லில் வளர்ந்த கைகளுக்கு அது ஒரு புது வீடு. 1980 மாஸ்கோவில், நம்ம ஆரணிக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் வாங்கினோம், அதுவும் செயற்கைத் தரையில்தான். பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த பதக்கத்துக்கு 2021-ல் நடந்த டோக்கியோ வரை, 41 வருஷம் காத்திருந்தோம்.

இனி அந்தக் காரணம்

என் மகள் ஹாக்கி ஆடுகிறாள். எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குப் பக்கம். அவர்கள் பயிற்சி எடுப்பது மண் தரையில். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளே கல் பொறுக்கிப் போட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆரம்பிப்பார்கள். மண்ணில் பந்து எகிறும். அதனால் கட்டையைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்க வேண்டும், பந்து வந்து சேர ஒரு நொடி பொறுக்க வேண்டும். ரெண்டு வருஷத்தில் கை அதற்குப் பழகிவிட்டது.

இந்த வருஷம் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி, சென்னையில், டர்ஃப் மைதானத்தில். அவர்கள் டர்ஃபில் கால் வைத்தது அன்றைக்குத்தான். முதல் ஆட்டத்திலேயே பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து திரும்பத் திரும்பக் கட்டைக்கு அடியில் புகுந்து போனது. எதிரே ஆடிய பிள்ளைகள் கட்டையைத் தரையோடு படுக்கவைத்திருந்தார்கள், அவர்களுக்கு அது தினசரி மைதானம்.

ரயிலில் திரும்பும்போது சொன்னாள்: "பந்து நான் நினைச்ச இடத்துல இல்லப்பா. அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

பொல்லார்டின் 37 அணிகளில் பெரும்பாலானவை அதே வகைத் தரையில், வேறு கட்டடத்துக்குத்தான் போயின. அதற்கே கால் பங்கு போனது. மண்ணிலிருந்து டர்ஃபுக்குப் போகும் பிள்ளைக்கு எவ்வளவு போகும்? டிராகன்ஸுக்குப் புது மைதானத்தில் முதல் ஆட்டம் ஒருமுறைதான். எங்கள் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை டர்ஃப் கிடைத்தால், ஒவ்வொரு வருஷமும் அது முதல் ஆட்டமாகவே இருக்கும்.

இதற்கு மறுபக்கம் கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழில் ஊர், பழைய ஹாக்கி ஊர். அங்கே டர்ஃப் மைதானமும் மாநில விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் இருக்கின்றன. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் அங்கே பயிற்சி எடுத்தவர். அவரே 2023-ல் எழும்பூரில் இந்தியாவுக்கு ஆடி, மலேசியாவோடு நடந்த லீக் ஆட்டத்தில் கோல் போட்டார். திறமை அவருடையதுதான், ஆனால் சரியான தரையில் கிடைத்த மணிநேரங்கள் இல்லாமல் அது எழும்பூர் வரை வந்திருக்காது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். போக வர மூணு மணி. டர்ஃபில் ஒரு மணி நேரம் ஆட, ரயிலில் மூணு மணி நேரம். அவர்களுடைய பி.டி. சாரிடம் பேசியிருக்கிறேன். தை பிறந்ததும் மாதம் ரெண்டு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ரயில் செலவைப் பெற்றோர் சிலர் பகிர்ந்துகொள்ளலாம் என்று திட்டம். வருஷத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வரும். கட்டையைத் தரையோடு படுக்கவைக்கப் பழக அது ஒரு ஆரம்பம்.

ஜனவரி 3 அன்று நாங்கள் ரெண்டு பேரும் எழும்பூர் போகிறோம். ஸ்கோரை அவள் பார்த்துக்கொள்வாள். நான் முதல் கால் பகுதியில் ரெண்டு பக்கமும் எத்தனை பந்து கட்டைக்கு அடியில் நழுவுகிறது, எத்தனை பெனால்டி கார்னர் நிறுத்தும் இடத்திலேயே வீணாகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணப் போகிறேன். ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காதுதான். வந்து எழுதுகிறேன்.