ஃபைல் திறக்கலையா? டென்ஷன் ஆகாதீங்க பாஸ்!

ராத்திரி ஒரு மணி. காலையில் பத்து மணிக்குள் கல்ச்சுரல்ஸுக்கு ஷார்ட் ஃபிலிமைக் கொடுத்தாகணும். ஃப்ரெண்டோட ஐபோனில் எடுத்த க்ளைமாக்ஸை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால், 'இந்த ஃபைல் நமக்கு ஆகாது'ன்னு கைவிரிக்குது. அதே ஃபைல் விஎல்சி ப்ளேயரில் ஜம்முனு ஓடுது! என்னதான் பிரச்னை?

மேட்டர் சிம்பிள். எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் டிபன் பாக்ஸ். உள்ளே படத்தைச் சுருக்கி வெச்சிருக்கிற முறைதான் கோடெக். பாக்ஸ் ஒண்ணுதான். உள்ளே இருக்கிறது இட்லியா, உப்புமாவான்னு திறந்தால்தானே தெரியும்? அதனால, ஃபைல் பேருக்குப் பின்னால இருக்கிற மூணு எழுத்தை மட்டும் மாத்திப் பார்க்காதீங்க. லேபிளை மாத்தினா உப்புமா இட்லி ஆயிடாது!

முதல்ல உள்ளே என்னன்னு பாருங்க. மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் புட்டுப் புட்டு வைக்கும். விண்டோஸ் விஎல்சி-யில் கன்ட்ரோல் + ஜே அழுத்தினாலும் போதும்.

எம்கேவி பாக்ஸுக்குள்ளே எச்.264 இருக்கா? பாக்ஸை மட்டும் மாத்தினா போதும். ஓபிஎஸ் ஸ்டுடியோவின் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' இருக்கு. சீக்கிரம் முடியும்; குவாலிட்டி துளியும் குறையாது.

எச்இவிசி-யா? 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இதில்தான் பதிவு பண்ணுது. பழைய லேப்டாப் திணறும். புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாத்திட்டு எடிட் பண்ணுங்க. ஃபைல் பல மடங்கு பெருக்கும், ஹார்ட் டிஸ்க்ல இடம் பார்த்துக்கங்க.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகுதா? பல மொபைல்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம்னு நிலையா எடுக்காது. இலவச ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' செலக்ட் பண்ணி மாத்துங்க.

எது செஞ்சாலும் ஒரிஜினலை டெலீட் பண்ணாதீங்க. வாட்ஸ்அப்பில் வீடியோவா அனுப்பினா சுருக்கிடும், டாகுமென்ட்டா அனுப்புங்க.

அடுத்த தடவை? ஷூட்டிங்குக்கு முந்தின நாளே எல்லா மொபைல்லயும் பத்து செகண்ட் எடுத்து, டைம்லைன்ல போட்டுப் பாருங்க. ஐபோன்னா செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்க.

ஹீரோவா நடிச்ச ஃபைனல் இயர் அண்ணன் ஊருக்குப் போயிட்டா, அந்த க்ளைமாக்ஸை மறுபடி எடுக்க முடியாதே பாஸ்!