சில்லுப் பையும் உள்ளே மறையும் சில்லும்



பஜேரோ, பழைய நிசான் பற்றோல் போன்ற ஃபோர் வீல் ட்ரைவ் வாகனங்களின் பின்கதவில் ஸ்பெயார் வீல் தொங்கும். அதன் மேல் ஒரு கன்வஸ் பையைக் கட்டியிருப்பதை இங்கே அவுஸ்திரேலியாவில் அடிக்கடி காணலாம். கூடாரத்தோடு விடுமுறைக்கு வெளிக்கிடும் எங்கள் குடும்பங்களும் இப்போது அதை வாங்குகிறார்கள். நிகழ்ச்சியில் இதைப்பற்றிச் சொன்னபோது பலர் விபரம் கேட்டீர்கள்.

இந்தப் பையின் முதல் வேலை குப்பை சுமப்பது. விக்டோரியாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான முகாமிடங்களில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மணக்கும் குப்பை, சேற்றுச் சப்பாத்து, ஈரக் கயிறு எல்லாம் வாகனத்துக்கு வெளியே இருக்கும். ஆனால் பாஸ்போட், மருந்து, பணம் போன்றவற்றை அதில் வைக்காதீர்கள். யாரும் திறக்கலாம். அணையாத கரி, சாம்பல், எரிவாயுச் சிலிண்டர், பெற்றோல் கான் வைக்கவே கூடாது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: பை இலக்கத்தகட்டையோ பின்விளக்கையோ மறைத்தால் சட்டப்படி குற்றம். பின்பக்கக் கமராவையும் பாருங்கள். பையின் அடி புகைக்குழாய்க்குக் கிட்ட வரக்கூடாது. பாரமான சாமான் வேண்டாம். கதவின் பிணைச்சல் ஏற்கெனவே சில்லின் பாரத்தைத் தாங்குகிறது. கிரவல் ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியதும் இறங்கி, வார்களை மீண்டும் இறுக்குங்கள். பை வெறுமையானாலும் வார் தளரும்.

பருத்தி கலந்த புதுக் கன்வஸ் பையை, பாவிக்க முன்னர் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் ஊதி, தையல் துளைகள் அடைபடும். பயணம் முடிந்ததும் தூசியைத் தட்டி, பச்சைத் தண்ணீரில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். கடும் சவர்க்காரமும் பிரஷர் வோஷரும் தண்ணீர் புகாத பூச்சைக் கெடுத்துவிடும். முழுதாகக் காயாமல் மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிப்பில் மண் இருந்தால் பழைய பல்தூரிகையால் எடுத்துவிட்டு மெழுகு தேயுங்கள். அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளை அடைபடாமல் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான விடயம். சில வருடங்களுக்கு முன் கிராம்பியன்ஸ் மலைப்பகுதியில் ஒரு மண் பாதையில் எனது வாகனத்தின் ரயர் கிழிந்தது. பையைக் கழற்றி ஸ்பெயார் வீலை இறக்கினால், அதிலும் காற்றில்லை! பை கட்டி ஒன்றரை வருடம். ஒருநாளும் நான் அதைப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பின்னுக்கிருந்த மாமிக்கு நீரிழிவு. கொண்டுவந்த சாப்பாடும் முடிந்துவிட்டது. "தம்பி, இருட்டப்போகுதே" என்று அவ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மூன்று மணித்தியாலம் கழித்து அவ்வழியே வந்த ஒரு விவசாயி தன் கொம்பிரஷரால் காற்று அடித்துத் தந்தார்.

நான் கணக்காளன். புத்தகத்தில் சரக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், வருட முடிவில் களஞ்சியத்தைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் கையொப்பம் வைக்கமாட்டேன். என் சொந்த வாகனத்தில் அதைச் செய்யவில்லை.

ஆகவே மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பையைக் கழற்றுங்கள். ஸ்பெயாரின் காற்றை அளவுங்கள். சரியான அளவு பெரும்பாலும் சாரதியின் கதவருகே ஒட்டியிருக்கும். ரயரின் பக்கச்சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ஓடாத ரயரும் வெயிலில் கிழடாகும்; வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். ஜக், சில்லு கழற்றும் சாவி, 12 வோல்ற் கொம்பிரஷர் ஆகியவற்றை வாகனத்துக்குள்ளேயே வையுங்கள். உங்கள் துணைவியும் வளர்ந்த பிள்ளைகளும் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை சில்லு மாற்றிப் பழகட்டும்.

பை குப்பையைச் சுமக்கட்டும். உங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது அதற்குப் பின்னாலிருக்கும் சில்லு.

அடுத்த மாதம் சந்திப்போம்.