மறுபடியும் பர்கர் ஓட்டலுக்குப் போன தாராவிக் குடும்பம்

மும்பையில் பாந்திரா, அந்தேரி, லோயர் பரேல் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று பர்கர் ஓட்டல்கள் கண்ணில் படுகின்றன. கண்ணாடிக் கதவு, குளுகுளு வசதி, மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு! வாசலில் தயங்கி நின்றுவிட்டு, எதிர்க் கடையில் ஒரு வடாபாவ் தின்று ரயில் ஏறும் நம்மவர்கள் எத்தனையோ பேர்.

துணிந்து உள்ளே போனவர்களிலும் பலர் ஒரு தடவையோடு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். "இரண்டாம் தடவை போனால்தான் விஷயமே புரிகிறது" என்கிறது தாராவியில் வசிக்கும் ஒரு நெல்லைக் குடும்பம்.

முதல் சம்பளம்

குடும்பத் தலைவர் தோல் பட்டறையில் 30 வருஷம் பை தைத்தவர். மகள் பி.காம். முடித்து, பாந்திரா - குர்லா காம்ப்ளெக்சில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். தாராவிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே மித்தி ஆறுதான். ஆனால் அப்பா ஒரு நாளும் அங்கே போய்ச் சாப்பிட்டதில்லை.

முதல் சம்பளம் வாங்கியதும் அப்பா, அம்மா, தம்பி மூவரையும் மகள் அங்குள்ள ஒரு பர்கர் ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். சர்வர் வந்து ஆங்கிலத்தில் பேசினார். பம்பாய் இந்தியில் யாரோடும் மல்லுக்கட்டக்கூடிய அப்பா வாய் திறக்கவில்லை. மெனு அட்டையில் விரலை வைத்துக் காட்டியதோடு சரி.

ஆளுக்கொரு பர்கர், ஆளுக்கொரு குளிர்பானம் வந்தன. பர்கரோ வாயில் நுழையாத உயரம்! "இது என்ன கறிம்மா?" என்று அம்மா கேட்டாள். மகளுக்குத் தெரியவில்லை. அம்மா ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்று, கறியை ஒதுக்கிவிட்டாள்.

பில் 2,772 ரூபாய்.

"இந்தக் காசுக்கு ஒரு மாசம் ஞாயித்துக்கிழமைக் கறி எடுத்திருக்கலாமேம்மா" என்றார் அப்பா. மகள் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு சம்பள நாளில் பணத்தை அம்மா கையில் கொடுப்பாள். வெளியே போகலாம் என்ற பேச்சே எடுப்பதில்லை.

அப்பாவே கூப்பிட்டார்

மூன்று மாதம் கழித்து அப்பாதான் பேச்சை எடுத்தார். "பிள்ளை ஆசையா கூட்டிட்டுப் போச்சு. நான் காசைச் சொல்லி மனசை நோகடிச்சிட்டேன். இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அதே ஓட்டல். அதே சர்வர். இந்தத் தடவை அப்பா முந்திக்கொண்டு இந்தியில் ஆரம்பித்தார். "பாயி, இதில் என்ன கறி? காரம் எப்படி? ஒன்றை இரண்டாக வெட்டித் தருவீர்களா?" சர்வரின் முகமும் மலர்ந்தது. அவரும் உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான். ஒவ்வொன்றாக விளக்கினார். இரண்டு பர்கர், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். நான்கு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. அம்மாவும் கறியோடு சாப்பிட்டாள்.

என்ன கறி?

தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பர்கரின் முழுப் பெயர் ஹாம்பர்கர். அதில் 'ஹாம்' என்று இருப்பதால் பன்றிக்கறி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தை ஒட்டி வந்த பெயர் அது. 'பேக்கன்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கறி.

மகாராஷ்டிரத்தில் பசுவோடு காளை, எருது வெட்டுவதற்கும் 2015-ல் தடை வந்தது. எருமைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மெனுவில் 'பஃப்' என்று இருந்தால் எருமைக்கறி. 'டெண்டர்லாயின்' என்று இருந்தாலும் இங்கே பெரும்பாலும் அதுதான். 'லாம்ப்' என்றால் ஆட்டுக்கறி. 1996-ல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டுக்கறி, பன்றிக்கறி இரண்டும் இல்லாமல், ஆட்டுக்கறியில் 'மகாராஜா மேக்' போட்டுத்தான் கடை திறந்தது.

விலை ஏன்?

ஈரானி ஓட்டலில் கீமா பாவ் சாப்பிட்டவர்களுக்குப் பர்கர் அந்நியம் அல்ல. இரண்டும் கொத்துக்கறியும் ரொட்டியும்தான். கைப்பக்குவம் வேறு. நல்ல கடைகளில் கறியை அன்றன்றைக்குக் கொத்துகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு சேர்த்தால்தான் வறண்டு போகாது. உப்பை முன்பே பிசைந்தால் கறி இறுகிவிடும் என்று, கல்லில் போடும் நேரத்தில்தான் தூவுகிறார்கள்.

ரொட்டியிலும் வித்தியாசம் உண்டு. போர்த்துகீசியர் வழியாக வந்த நம் பாவ் பெரும்பாலும் மாவும் ஈஸ்ட்டும்தான். இங்கே போடும் 'பிரியோஷ்' ரொட்டியில் வெண்ணெயும் முட்டையும் சேர்கின்றன. மரக்கறிக்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"கறி எப்படி வேக வேண்டும்?" என்று கேட்டால், "நன்றாக வேகட்டும்" என்று சொல்லுங்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமி வெளிப்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது. நடுப்பகுதியும் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும்.

பில்லைப் படியுங்கள்

முதல் தடவை வந்த 2,772 ரூபாயில் சர்வீஸ் சார்ஜ் மட்டும் 240 ரூபாய். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவையும் பில்லில் அது இருந்தது. மகள் எடுக்கச் சொன்னாள். மானேஜர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். சாப்பாடு 1,100 ரூபாய், ஜி.எஸ்.டி. 55 ரூபாய், ஆக மொத்தம் 1,155 ரூபாய்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பிரியப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தாதர் ஸ்டேஷன் வாசலில் 1966-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் வடாபாவ், உழைப்பாளியின் பசிக்கு இன்றும் கைகொடுக்கிறது. அதன் இடத்தைப் பர்கர் பிடிக்கப் போவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு உட்கார ஆசைப்பட்டால், கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கூச வேண்டியதில்லை. தெரியாததைக் கேளுங்கள். தெரிந்த மொழியில் கேளுங்கள். காசு கொடுப்பவர் கேட்பதில் வெட்கம் என்ன?