மண்ணும் உரிமையும் – 12: குடத்தில் விழாத பெயர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை இன்று நாடே அறியும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகள் (இன்றைய வார்டுகள் போல), ஓலையில் பெயர், குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் வாரியத்தில் இடமில்லை. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் தகுதிகளில் முதலில் வருவது நிலம். இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். இது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த வயல்களில் சேற்றில் இறங்கி நின்றவர்களின் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உத்திரமேரூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான். மிராசு முறை, அதாவது ஊர் நிலத்தின் மீதான பரம்பரை உரிமை, ஊரை எப்படிக் கட்டிப்போட்டிருந்தது என்று அதில் அவர் விளக்கினார். தரிசு நிலம் கேட்டு ஒரு கூலிக்காரர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரியில் குடிசை நின்ற மண்ணுக்கும் மிராசுதார் உரிமை கொண்டாடினார். எதிர்த்துப் பேசினால் கூலி போகும், குடிசையும் போகும். இந்த இரட்டைப் பிடியைக் கண்டதுதான் அந்த அறிக்கையின் பெருமை என்பேன். அதே காலத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமாரும் இதே நிலைமையை எழுதினார்கள். இதே மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்யலாம். முதல் பத்தாண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்க முடியாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக நில உரிமை இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

நிலம் போன கதையை எந்தக் காலனியிலும் கேட்கலாம். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய கடன், போக்கியம், வெற்றுத்தாளில் கைநாட்டு, பிறகு பவர் பத்திரம். நிபந்தனையோடு பழைய பதிவேட்டில் இருந்த நிலம், புதிய பதிவேட்டில் சாதாரணப் பட்டாவாக மாறி நிற்கும். வயல் மனைப்பிரிவானதும் எல்லைக்கல்லோடு சேர்ந்து வரலாறும் காணாமல் போகும்.

1994இல் செங்கல்பட்டு மாவட்டக் காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அரசே எழுதிக்கொடுத்த உரிமையைக் கேட்கப் போனவர்கள் அவர்கள். அந்தச் சூடு இன்றும் எனக்கு ஆறவில்லை.

பஞ்சாயத்தில் இப்போது தனித்தொகுதி உண்டே என்று கேட்கலாம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் பொறுப்பேற்று நிற்க முடியாமல் போனதை நினைத்துப் பாருங்கள். மறுநாள் கூலிக்கு யார் வயலுக்குப் போக வேண்டுமோ, அவரை எதிர்த்து நாற்காலியில் உட்கார்வது லேசான காரியமில்லை. கால் வேலி நிபந்தனை சட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது.

பஞ்சமி நிலங்களைக் கண்டறிய 2011இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. குழுக்கள் போதும். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டு, சர்வே எண் வாரியாகக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். தாலுகா அலுவலகம் மனம்வைத்தால் செய்யக்கூடிய வேலைதான் இது.

இந்தப் பக்கம் மனை வாங்க நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த சர்வே எண்ணின் பழைய பதிவேட்டு நகலையும் கேளுங்கள். நிபந்தனை நிலம் என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)