இயந்திரத்தின் நாடித்துடிப்பு

மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்

மோட்டார் வண்டி பெட்ரோலினால் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மையே. பெட்ரோல், காற்று, மின்பொறி ஆகிய மூன்றும் இருந்தாலும், அவை உரிய கணத்தில் ஒன்றுசேராவிட்டால் வண்டி நகராது. அந்தக் கணம் எது என்பதை இஞ்சினுக்கு அறிவிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. கட்டைவிரல் பருமனே உள்ள அதனைப் பட்டறைகளில் 'கிராங்க் சென்சார்' என்பர். அது தரும் மின்குறிப்பு கெட்டால் என்ன நேரும்? கெட்டது அக்கருவிதானா, வேறொன்றா என்பதை எவ்வாறு அறிவது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கில் ஒரு பாகை

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. அந்த இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னரே மின்பொறி எழ வேண்டும். இதனைக் கிராங்க் தண்டின் சுழற்சியில் இத்தனை பாகைக்கு முன்னர் என்று கணக்கிடுவர்.

தண்டு நிமிடத்திற்கு 3000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. அதாவது 18,000 பாகை. ஆகவே ஒரு பாகை கடக்க ஆகும் நேரம் நொடியின் 18,000இல் ஒரு பங்கே. இவ்வளவு நுட்பமான நேரத்தைப் பழைய அம்பாசடர் போன்ற கார்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த 'பாயிண்ட்' என்னும் தொடுமுனைகள் இயந்திர முறையிலேயே காத்துவந்தன. முனை தேயும், இடைவெளி மாறும், அவ்வப்போது தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பின்னர் அப்பொறுப்பு கணிப்பொறிக்கு மாறியது. 1979இல் பாஷ் நிறுவனத்தின் 'மோட்ரானிக்' அமைப்பு மின்பொறியையும் எரிபொருள் பீச்சுதலையும் ஒரே கணிப்பொறியின்கீழ்க் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், நாம் கல்லூரிக்கு ஓட்டிவரும் புதிய இருசக்கர வாகனங்களிலும் பெரும்பாலும் இம்முறையே உள்ளது.

கணிப்பொறிக்குக் கண் இல்லை. தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்பதை அதற்கு எவரேனும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதே கிராங்க் சென்சார்.

பல் சக்கரமும் விடுபட்ட பற்களும்

கிராங்க் தண்டுடன் ஓர் எஃகுப் பல் சக்கரம் இணைந்து சுற்றுகிறது. பல கார்களில் அதன் விளிம்பில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஆனால் இருப்பவை 58 மட்டுமே. அடுத்தடுத்து இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 6 பாகை. விடுபட்ட இடத்தில் மட்டும் அந்தத் தூரம் 18 பாகை. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு எழுகிறது. சுற்றுக்கு ஒருமுறை மும்மடங்கு நீண்ட ஓர் அமைதி வருகிறது. அந்த அமைதியே அடையாளக்கல். அதிலிருந்து பற்களை எண்ணி, பிஸ்டன் இருக்கும் இடத்தைக் கணிப்பொறி அறிகிறது.

இங்கு ஓர் எளிய கணக்கையும் நினைவிற் கொள்ளலாம். இத்தகைய 60 இடச் சக்கரத்தில் துடிப்பின் அதிர்வெண்ணும் இஞ்சினின் நிமிடச் சுற்றும் ஒரே எண்ணாகவே வரும். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ். செல்ஃப் மோட்டார் 200 சுற்றில் சுழற்றினால் 200 ஹெர்ட்ஸ்.

இரு வகைக் கருவிகள்

முதல் வகை மின்தூண்டல் முறையில் இயங்குவது. ஒரு நிலைக்காந்தம்; அதனைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள். எஃகுப் பல் நெருங்கும்போதும் விலகும்போதும் சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது; சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி இதுவே. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கூடும். எனவே இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் குறிப்பு நலியும். பல்லுக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளி கூடினாலும் நலியும். அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. இவ்வகைக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பிகள்; வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை.

இரண்டாம் வகை ஹால் விளைவைக் கொண்டது. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் மாணவராக இருந்தபோதே மெல்லிய தங்கத் தகட்டில் இவ்விளைவைக் கண்டார். இக்கருவிக்கு மூன்று கம்பிகள்: மின்சாரம் வர ஒன்று, தரை இணைப்புக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று. இதன் குறிப்பு சதுர அலையாக இருக்கும். வேகம் குறைந்தாலும் உயரம் குறையாது.

சோதிக்குமுன் வண்டியில் இருப்பது எவ்வகை என்று அறிவது முதற்கடமை. ஒன்றுக்கு உரிய சோதனை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஹால் கருவியின் மின்தடையை அளப்பதில் பயனில்லை; அதனுள் இருக்கும் மின்னணுச் சுற்று கெடவும் கூடும்.

நோயின் அறிகுறிகள்

குறிப்பு முற்றிலும் நின்றுவிட்டால், இஞ்சின் சுற்றவில்லை என்றே கணிப்பொறி முடிவு செய்யும். மின்பொறியும் எரிபொருளும் ஒருசேர நிற்கும். செல்ஃப் நன்றாகச் சுழலும். ஆனால் இஞ்சின் பற்றாது. அப்போது சுற்றுமானியின் முள் பூச்சியத்திலேயே கிடந்தால், பல வண்டிகளில் அது ஒரு நல்ல துப்பு ஆகும். குறிப்பு விட்டுவிட்டு வந்தால் வண்டி குலுங்கும், தவறிப் பற்றும், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிற்கும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் நிற்பதும், ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் ஓடுவதும் இந்நோயின் பெயர்பெற்ற குணம். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கையில் இவ்வாறு நிற்பது உயிருக்கே ஆபத்து.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு

குறை கண்டதும் கணிப்பொறி ஒரு குறியெண்ணைப் பதிந்துவைத்து விளக்கை ஏற்றும். பி 0335 என்பது கிராங்க் சென்சார் மின்சுற்றில் குறை என்பதைக் குறிக்கும். பி 0336 என்றால் குறிப்பு வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. பி 0339 என்றால் விட்டுவிட்டு வருகிறது. இவற்றைப் படித்தவுடன் சென்சாரைக் கழற்றி எறிந்து புதிது மாட்டுவோர் பலர். பழைய குறை அப்படியே நிற்கும். செலவு மட்டும் கூடும்.

குறியெண் கூறுவது சென்சார் கெட்டது என்றன்று. அச்சுற்றிலிருந்து எதிர்பார்த்த குறிப்பு வரவில்லை என்பதே அதன் பொருள். சுற்றில் சென்சாரும் உண்டு. கம்பியும் இணைப்பும் உண்டு. பல் சக்கரம் உண்டு. மறுமுனையில் கணிப்பொறியும் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவது போல, கம்பியின் குற்றத்திற்குச் சென்சாரைத் தண்டிக்கலாகாது.

சோதனை முறை

முதலில் பாட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருப்பது நல்ல பாட்டரி. அது தளர்ந்தாலோ அதன் தரைக் கம்பி துருப்பிடித்தாலோ செல்ஃப் மெதுவாகச் சுழலும். தூண்டல் வகைக் கருவியில் வேகம் பாதியானால் மின்னழுத்தமும் பாதியாகும். குற்றமற்ற சென்சார்மீது பழி விழுவது இவ்வாறே.

இரண்டாவது, கண்ணால் காண்பது. இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா? எண்ணெய் புகுந்துள்ளதா? கம்பியை எலி கடித்துள்ளதா, சூடான குழாயில் உரசி உறை தேய்ந்துள்ளதா? சென்சாரின் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியுள்ளதா? காந்தம் தன்னிடம் வரும் துகளை விடாது. அத்துகள் குறிப்பை மங்கச் செய்யும், துடைத்தால் தீரும்.

மூன்றாவது, அளவை. தூண்டல் வகையாயின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். பல வண்டிகளில் அது சில நூறு ஓம் முதல் ஆயிரம் ஓமுக்குச் சற்று மேல் வரை இருக்கும். சரியான அளவை அந்த வண்டியின் கையேட்டில் காண்க. சுருளுக்கும் கருவியின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கலாகாது. பின்னர் மீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்தில் வைத்து, செல்ஃபைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சில நூறு மில்லிவோல்ட்டாவது எழுந்தால் கருவி பேசுகிறது என்று பொருள். ஹால் வகையாயின், சாவியைத் திருப்பி, மின்சாரக் கம்பியில் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, தரை இணைப்பு உறுதியாக உள்ளதா என்று முதலில் காண வேண்டும். மின்சாரமே வராதபோது சென்சார் எவ்வாறு பேசும்? அது சரியென்றால், இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டு, தண்டைக் கையால் மெல்லத் திருப்பலாம். குறிப்புக் கம்பியில் மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்க வேண்டும்.

நான்காவது, கம்பி. சென்சார் முனையில் நல்ல குறிப்பு இருந்து, கணிப்பொறி முனையில் இல்லையென்றால் குற்றம் இடைவழியிலேயே. மீட்டரைப் பார்த்துக்கொண்டே கம்பியை ஆட்டினால் அறுந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

சூட்டில் மட்டும் வரும் நோயை ஆறிய வண்டியில் தேடுவது வீண். மின்தடையை அளந்தவாறே, தலைமுடி உலர்த்தும் கருவியால் சென்சாரைச் சூடாக்கிப் பார்க்கலாம். செம்பின் மின்தடை ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 25 பாகையில் 800 ஓம் இருந்த சுருள், 105 பாகையில் 1050 ஓம் காட்டினால் அது இயற்கையே. அதனைக் குறையென எண்ண வேண்டாம். சூட்டில் அளவு திடீரென எல்லையற்றதாகித் தாவினால், உள்ளே கம்பி விட்டிருக்கிறது. அப்போதுதான் சென்சார்மீது தீர்ப்புக் கூறலாம்.

அலையைக் கண்ணால் காணல்

ஆசிலாஸ்கோப் இருந்தால் ஐயம் விரைவில் தீரும். மீட்டர் சராசரியைக் காட்டும். அலைவுகாட்டி ஒவ்வொரு பல்லையும் காட்டும். சுற்றுதோறும் ஒரே இடத்தில் ஒரு துடிப்பு குட்டையாக இருந்தால் பல் உடைந்திருக்கும். சுற்றுக்கு ஒருமுறை அலையின் உயரம் தணிந்து எழுந்தால் சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது. ஒழுங்கின்றி அங்கங்கே துடிப்புகள் விடுபட்டால் இணைப்பை ஐயுற வேண்டும். அலை ஒழுங்காகவே கணிப்பொறி வரை வந்தும் இஞ்சின் பற்றவில்லையெனில், தேட வேண்டிய இடம் வேறு. இந்த நான்கு நிலைகளில் எதிலும் புதிய சென்சார் பயன் தராது என்பதைக் கவனிக்க.

சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கையும் ஆடையும் பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் எட்டாதிருக்கட்டும். சென்சாரை மாற்றிய பின் சில வண்டிகளில், பல் சக்கரத்தின் அளவுகளைக் கணிப்பொறி மீண்டும் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும்.

முடிவுரை

வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாளாகும். தேவையற்ற பொருளை வாங்கி மாட்டி, அதே குறையோடு மீண்டும் அவர் சாலைக்கு வருவாரானால், பணத்தோடு பாதுகாப்பும் போகும். அவருக்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியன்று. வரிசை தவறாத சோதனையே. ஒரு மல்டிமீட்டரும், ஃபாரடேயின் விதியும், அளந்து பார்த்த பின்னரே முடிவு சொல்லும் பொறுமையும் இருந்தால் இக்குறையில் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். அந்த மீட்டர் நம் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த விதி நம் பாடநூலில் இருக்கிறது. பொறுமை மட்டும் நாம் பழகிக்கொள்ள வேண்டியது.